இண்டர்வியூவுக்கு ஊரையும் கூட்டிக்கொண்டு போங்கள்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் உக்கடம் பேருந்து நிலையத்தில் போய் நின்றால் போதும், கோவைக் கல்லூரிகளில் யார் யார் படிக்கிறார்கள் என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். பொள்ளாச்சி, உடுமலை, பழநி, பாலக்காடு என்று பலகை மாட்டிய பஸ்களைத் தேடி, தோளில் லேப்டாப்பும் கையில் அழுக்குத் துணி மூட்டையுமாக ஒரு கூட்டம் ஓடும். மீதி விடை மற்ற இடங்களில் இருக்கிறது. மதுரை, நெல்லைப் பக்கம் போகிறவர்கள் சிங்காநல்லூரில் நிற்பார்கள். ஈரோடு, சேலம்காரர்கள் காந்திபுரத்தில். நீலகிரிப் பிள்ளைகள் மேட்டுப்பாளையம் சாலையில். பீகார், ஒடிசாக்காரர்கள் ரயில் நிலையத்தில். உக்கடத்திலிருந்து பொள்ளாச்சி சாலையில் ஈச்சனாரி, ஒத்தக்கால்மண்டபம் வரையும், பாலக்காடு சாலையில் குனியமுத்தூர், எட்டிமடை வரையும் வரிசையாகக் கல்லூரிகள். அந்த வகுப்பறைகளுக்குள் தமிழ்நாட்டின் எல்லாத் திசையும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஆனால் நான்கு வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த பிறகும், பக்கத்தில் இருப்பவரின் ஊரைப் பற்றி நமக்குத் தெரிந்தது ஒரு பெயரும் ஒரு கிண்டலும்தான். நெல்லை என்றால் அல்வா, மதுரை என்றால் அருவா, பொள்ளாச்சி என்றால் ஷூட்டிங், பாலக்காடு என்றால் 'சேட்டா'. அதோடு முடிந்தது. பிளேஸ்மெண்ட் நெருங்கும்போது ஆப்டிட்யூட் வகுப்புக்கும் ஸ்போக்கன் இங்கிலீஷுக்கும் ஆயிரக்கணக்கில் கட்டுகிறோம். காசில்லாமல் ஹாஸ்டல் அறைக்குள்ளேயே கிடைக்கும் பாடத்தைக் கண்டுகொள்வதில்லை. என் கணிப்பில், வேலைச் சந்தையில் இரண்டு வகை மாணவர்கள் பின்தங்குகிறார்கள். சொந்த ஊரை மறைக்கிறவர் ஒருவர். ஊர்க்காரர்களோடு மட்டுமே படிப்பை ஓட்டிவிடுகிறவர் இன்னொருவர்.

உங்கள் ஊர் என்ன தொழில் செய்கிறது?

மாதிரி நேர்காணல்களில் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்றதும் மனப்பாடம் ஓடும்: பெயர், கல்லூரி, சதவீதம், பலம் கடின உழைப்பு, பலவீனமும் கடின உழைப்பே. ஊரைப் பற்றிக் கேட்டால் குரல் தாழ்ந்துவிடும். 'பொள்ளாச்சிப் பக்கத்துல ஒரு சின்ன கிராமங்க.' ஏதோ தப்புச் செய்துவிட்ட மாதிரி.

அந்தச் சின்ன கிராமத்தில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். தென்னந்தோப்பு இருக்கும். தேங்காய் உரித்த மட்டை நார் மில்லுக்குப் போகும். நாரை எடுத்தபின் மிஞ்சும் தூளை ஒரு காலத்தில் குப்பையாக மலைபோல் குவித்து வைத்திருந்தார்கள். இன்று அதையே கழுவி, உப்பைக் குறைத்து, கட்டியாக அழுத்தி, மண்ணில்லாமல் செடி வளர்க்கிற வெளிநாட்டுப் பசுமைக்குடில்களுக்கு ஏற்றுமதி செய்கிறார்கள். கழிவு எப்படிச் சரக்காகிறது, தண்ணீர் எவ்வளவு செலவாகிறது, கழுவிய தண்ணீர் கிணற்றில் இறங்கினால் பக்கத்துத் தோட்டக்காரர் என்ன சொல்கிறார் என்பதெல்லாம் அந்த ஊர்ப் பிள்ளைக்குப் பார்த்துப் பார்த்துப் பழகிய விஷயம். எம்.பி.ஏ. வகுப்பில் இதையே பெரிய பெயர் வைத்து நடத்துகிறார்கள்.

உடுமலைப் பக்கத்துப் பிள்ளையின் வீட்டில் பிராய்லர் பண்ணை இருக்கலாம். கம்பெனி குஞ்சும் தீவனமும் மருந்தும் கொடுக்கும்; விவசாயி கொட்டகையும் கரண்டும் உழைப்பும் போடுவார்; கோழி எடை ஏறியதும் கம்பெனியே எடுத்துக்கொண்டு வளர்ப்புக் கூலி கொடுக்கும். எத்தனை கிலோ தீவனம் தின்று எத்தனை கிலோ எடை வந்தது என்ற கணக்கில்தான் கூலி நிற்கிறது. இந்தக் கணக்கை அப்பா நோட்டில் எழுதுவதைப் பார்த்து வளர்ந்த மாணவர், டேட்டா அனாலிட்டிக்ஸ் வேலைக்கான நேர்காணலில் இணையத்திலிருந்து எடுத்த யாரோ ஒருவரின் புராஜெக்டைக் காட்டுவது வேதனை.

திருச்செங்கோட்டுப் பிள்ளை என்றால் ரிக் வண்டி. இந்தியாவின் எந்த மூலையில் போர்வெல் போட்டாலும் வண்டி அந்தப் பக்கத்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். அங்கிருந்து வந்த ஒருவர் நேர்காணலில் இப்படிச் சொல்லலாம்: 'அப்பா ரிக் வண்டியில் வேலை பார்க்கிறார். அடிக்கு இவ்வளவு என்று ரேட் பேசுவார்கள். பாறை வந்தால் டீசல் கூடும், பிட் தேயும். எந்த மண்ணில் என்ன ரேட் கட்டுப்படியாகும் என்று அவருடைய பழைய பில்களை வைத்து எக்செல்லில் போட்டுப் பார்த்தேன்.' ஒரு நிமிஷம்கூட ஆகாது. எதிரே இருப்பவர் பேனாவை எடுத்துக் குறித்துக்கொள்வார்.

மற்ற ஊர்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பல்லடம், சோமனூர் என்றால் விசைத்தறி. காங்கேயம் என்றால் எண்ணெய் ஆலையும் அரிசி ஆலையும். சங்ககிரி லாரி, நாமக்கல் முட்டை, கரூர் பஸ் பாடி, ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி, சத்தியமங்கலம் மல்லிகை, ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தை, போடி ஏலக்காய், சிவகாசி அச்சு, தூத்துக்குடி உப்பும் துறைமுகமும். வால்பாறையிலிருந்து வந்தவர் தேயிலை எஸ்டேட்டின் நிர்வாகத்தை லயன் வீட்டு வாசலிலிருந்தே பார்த்தவர்.

ஆகவே முதல் வேலை இது. உங்கள் ஊரில் எது உற்பத்தியாகிறது, அதை யார் வாங்குகிறார், எந்த இடத்தில் நஷ்டம் வருகிறது என்று மூன்று விஷயங்களை வீட்டில் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து இதே மூன்றையும் உங்கள் அறைத் தோழரிடம் கேளுங்கள். விற்பனை, வங்கி, காப்பீடு, உரம், விதை, டிராக்டர் கடன், மளிகைப் பொருள் விநியோகம் என்று எந்த வேலைக்குப் போனாலும் முதல் வருஷம் உங்களை அனுப்பப்போவது இந்த ஊர்களுக்குத்தான். உப்பளம் மழையில் எப்போது மூடும், தறிக்காரருக்குக் கையில் காசு எந்த மாதம் புரளும் என்று தெரிந்தவர் கடன் வசூலிலும் கெட்டிக்காரர், விற்பனையிலும் கெட்டிக்காரர்.

'சரிங்க' என்றால் சரியா?

கொங்குப் பேச்சில் மரியாதை நிறைய. வயதில் சின்னவரையும் 'வாங்க, போங்க' என்போம். குழந்தையைக்கூட 'என்னங் கண்ணு' என்று கேட்கிற ஊர் இது. வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு முதலில் பிடித்துப்போவதும் அதுதான். ஆனால் அலுவலகத்தில் இந்த மரியாதை ஒரு சிக்கலை உண்டாக்கும், அதைப் பயிற்சி வகுப்புகளில் யாரும் சொல்வதில்லை.

மேலாளர் ஒரு வேலை கொடுக்கிறார், 'புதன்கிழமைக்குள் முடியுமா?' நம் பிள்ளை 'பாத்துக்கலாமுங்க' என்கிறார். பொள்ளாச்சிக்காரர் காதில் அது 'முயற்சி பண்றேன், முடியாமலும் போகலாம்' என்று விழும். சென்னையிலிருந்தோ பெங்களூருவிலிருந்தோ வந்த மேலாளர் காதில் 'முடியும்' என்று விழும். புதன்கிழமை வேலை முடிந்திருக்காது. ஏமாற்றிவிட்டான் என்று ஒருவர் நினைப்பார். முடியும் என்று நான் எப்போது சொன்னேன் என்று இன்னொருவர் நினைப்பார். இரண்டு பேரிடமும் தப்பில்லை. ஆனால் அப்ரைசலில் மதிப்பெண் குறைவது ஒருவருக்குத்தான்.

'ஆகட்டுங்க', 'சரிங்க' எல்லாம் இதே வகைதான். பல சமயம் அதற்கு 'நீங்கள் சொன்னது காதில் விழுந்தது' என்று மட்டுமே அர்த்தம். பெரியவர்கள் முகத்துக்கு நேரே 'முடியாது' என்று சொல்லக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். அதை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. கூட ஒரு தேதியைச் சேர்த்துக்கொண்டால் போதும். 'சரிங்க சார், புதன் முடியாது, வெள்ளி மத்தியானம் கொடுத்துடறேன்.' மரியாதையும் இருக்கிறது, விஷயமும் தெளிவாக இருக்கிறது. வாய்ப்பேச்சு முடிந்ததும் அதையே இரண்டு வரி மெயிலாகப் போட்டுவிடுங்கள்.

தெற்கிலிருந்து வருகிறவர்களுக்கு இதற்கு நேர் எதிரான தொந்தரவு. நெல்லையில் 'ஏலே, வாலே' என்பது பாசம். மதுரையில் குரலை உயர்த்திப் பேசுவது சாதாரணம். சண்டை என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கோவை ஆபீசில் அதே குரல், அதே ஒருமை, பக்கத்து மேசைக்காரரைச் சுருங்க வைத்துவிடும். அவர் வாய் திறந்து சொல்லவும் மாட்டார். மறுநாளிலிருந்து டீக்குக் கூப்பிடுவதை நிறுத்திவிடுவார். தெற்கத்தி நண்பர்களுக்கு ஒரே யோசனை: முதல் மூன்று மாதம் எல்லோரையும் 'ங்க' போட்டுக் கூப்பிடுங்கள், பாத்திரம் தேய்க்க வருகிற அக்கா உட்பட. பிறகு யார் யாரிடம் ஒருமை செல்லும் என்று தானே தெரிந்துவிடும்.

ஹாஸ்டலில் இதைப் பழகிக்கொள்வது சுலபம். ரூம்மேட் கோபப்பட்டால் இரவுச் சாப்பாட்டுக்குள் சரியாகிவிடும். ஆபீசில் அப்படி ஆகாது.

வழக்கை விடாதீர்கள், வேகத்தைக் குறையுங்கள்

'என் ஸ்லாங்கை மாற்றணும்' என்று வருகிற மாணவர்கள் உண்டு. அவர்கள்மீது கோபம் வருவதில்லை, சினிமாமீதுதான் வருகிறது. கவுண்டமணி, கோவை சரளா என்று கொங்குப் பேச்சைத் திரைக்குக் கொண்டுவந்தவர்கள் அசகாயக் கலைஞர்கள். ஆனாலும் பல வருஷம் அந்தப் பேச்சு சிரிக்க வைப்பதற்கு மட்டும்தான் பயன்பட்டது. கதாநாயகன் உருகிக் காதலைச் சொல்லும்போது மட்டும் எங்கிருந்தோ ஒரு பொதுத்தமிழ் வந்துவிடும். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, தான் வாய் திறந்தாலே எல்லோரும் சிரிப்பார்கள் என்று நினைப்பதில் என்ன ஆச்சரியம்? ஆர். சண்முகசுந்தரம் 1942-லேயே 'நாகம்மாள்' நாவலில் இந்தப் பேச்சை ஒரு துயரக் கதைக்குப் பயன்படுத்தியிருக்கிறார் என்பது கல்லூரியில் எத்தனை பேருக்குச் சொல்லப்படுகிறது?

நாஞ்சில் நாடனைப் பாருங்கள். குமரி மாவட்டத்து நாஞ்சில் நாட்டிலிருந்து பம்பாய்க்கு வேலைக்குப் போனவர். விற்பனைப் பிரதிநிதியாக ஊர் ஊராக அலைந்தவர். பிறகு கோவைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டார். பிழைப்புக்கு இந்தியும் ஆங்கிலமும், எழுதுவதற்கு நாஞ்சில் நாட்டுத் தமிழ். 2010-ல் சாகித்திய அகாதெமி விருது அவரைத் தேடி வந்தது. ஊர் மாறுவதும் வழக்கு மாறுவதும் ஒன்றல்ல.

ஆங்கிலத்துக்கும் இதே கதைதான். மலிவான சானிட்டரி நாப்கின் இயந்திரத்தை உருவாக்கிய கோவை அருணாசலம் முருகானந்தம் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். உலக மேடைகளில் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்தான் பேசினார். இலக்கணம் பார்த்து யாரும் எழுந்து போகவில்லை. 2016-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவரிடம் சொல்ல விஷயம் இருந்தது. வட்டார உச்சரிப்பு ஒரு குறையே அல்ல. குறை எது என்றால், பதற்றத்தில் வாக்கியத்தின் கடைசியை விழுங்குவது. நம் பிள்ளைகளில் பலர் வேகமாகப் பேசி முடித்துவிட்டால் தப்பித்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். போனில் ஒரு நிமிஷம் பேசிப் பதிவு செய்து, வேறு மாவட்டத்துக்காரர் ஒருவரிடம் கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். அவருக்குப் புரியாத இடங்களை மட்டும் சரிசெய்தால் போதும். உங்கள் ஊர்க்காரரிடம் கொடுத்தால் எல்லாமே புரிந்தது என்பார்; பிரயோஜனமில்லை.

ஊர் குரூப் எதுவரை உதவும்?

ஒவ்வொரு கல்லூரியிலும் தேனி குரூப், தருமபுரி பாய்ஸ், மலையாளி அசோசியேஷன் என்று இருக்கத்தான் செய்யும். அதை யாரும் ஒழிக்க முடியாது, ஒழிக்கவும் வேண்டாம். முதல் செமஸ்டரில் வீட்டு நினைப்பில் அழுகிற பிள்ளையைத் தூக்கி நிறுத்துவது அந்தக் கூட்டம்தான். தீபாவளிக்கு டிக்கெட் போடுவது, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று போன் வந்தால் ராத்திரியில் கூடவே போவது எல்லாம் ஊர்க்காரர்தான். ஆனால் புராஜெக்ட் குழுவையும் அதே கூட்டத்திலிருந்து எடுப்பதுதான் தப்பு. ஒரே பள்ளி, ஒரே ஊர், ஒரே மாதிரி யோசனை. நால்வரும் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்பார்கள்.

ஆபீசில் குழுவை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. ஒரு மலையாளி, ஒரு தெலுங்கர், ஒரு வங்காளி, சேலத்துக்காரர் ஒருவர் என்று யாரோ போட்டுக் கொடுப்பார்கள். ஆகவே இரண்டாம் வருஷத்திலிருந்தே, மினி புராஜெக்ட் என்றால் வேறு மாவட்டத்துக்காரர் இருவராவது இல்லாமல் குழு போடுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். டே ஸ்காலர்கள் இருந்தால் அவர்களுடைய பஸ் நேரத்தையும் கணக்கில் எடுங்கள். பொள்ளாச்சியிலிருந்து தினமும் வந்துபோகிற பெண் ராத்திரி எட்டு மணி டிஸ்கஷனுக்கு வரவில்லை என்றால், அது அலட்சியம் அல்ல, நாற்பது கிலோமீட்டர்.

மொழி விஷயத்தில் கொஞ்சம் சுயநலமாகவே இருங்கள். பாலக்காட்டுத் தோழி இருந்தால் மலையாளம் பேசக் கற்றுக்கொள்ளுங்கள். கோவைக் கம்பெனிகள் பலவற்றுக்குக் கேரளம் பக்கத்துச் சந்தை. இந்தி விஷயத்தில் அரசியல் நிலைப்பாடு உங்களுடையது, அதில் நான் தலையிடவில்லை. ஆனால் மெக்கானிக்கல் படித்துவிட்டு ஃபவுண்டரியிலோ மில்லிலோ டிரெய்னியாகச் சேர்ந்தால், உங்கள் ஷிஃப்டில் வேலை செய்கிறவர்களில் பலர் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட்காரர்களாக இருப்பார்கள். 'மிஷினை நிறுத்து, கையை வைக்காதே' என்று அவர்களுக்குப் புரிகிற மொழியில் சொல்லத் தெரிந்த டிரெய்னிக்கு முதல் நாளிலிருந்தே மரியாதை. அதைச் சொல்லித்தர உங்கள் வகுப்பிலேயே ஒரு பாட்னாக்காரர் இருக்கக்கூடும். பதிலுக்கு அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுங்கள்; கெட்ட வார்த்தையிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம்.

பிள்ளைகளை மாநிலம் தாண்டிப் படிக்க அனுப்புவதற்கு அரசே செலவு செய்கிறது என்பது பலருக்குத் தெரியாது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.ஏ.ஆர்.) வழியாகச் சொந்த மாநிலத்துக்கு வெளியே வேளாண் பட்டப்படிப்பில் சேர்கிறவர்களுக்கு உதவித்தொகை உண்டு. நம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும் பிற மாநில மாணவர்களைப் பார்க்கலாம். என்.ஐ.டி.க்களில் பாதி இடம் சொந்த மாநிலத்துக்கு, பாதி வெளியாருக்கு.

'கோட்டாவில் வந்தவங்க' என்ற முணுமுணுப்பு

இருக்கிற ஊரைப் பார்த்துப் படிப்பில் இடம் தருவது சரியா என்ற சண்டை நமக்குப் பழையது. அன்றைய சென்னை மாநிலத்தில் மருத்துவக் கல்லூரி இடங்களை மாவட்ட மக்கள்தொகைக்கு ஏற்பப் பிரித்துக் கொடுத்தார்கள். 1968-ல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. இலங்கையில் எழுபதுகளில் பல்கலைக்கழக அனுமதிக்கு வந்த தரப்படுத்தல் யாழ்ப்பாணத் தமிழ் மாணவர்களைப் பெரிதும் பாதித்தது. அந்தக் காயத்தின் வரலாறு எல்லோருக்கும் தெரியும். இன்றும் அங்கே பல்கலைக்கழக இடங்களில் 40 சதவீதம் நாடு தழுவிய தகுதி, 55 சதவீதம் மாவட்டம், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டம் என்றுதான் போகிறது. முல்லைத்தீவு, நுவரெலியா போன்ற மாவட்டங்களின் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அதே முறை இப்போது கதவு திறக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இங்கே இப்போது இருப்பது அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு. மருத்துவத்துக்கு 2020-லும் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்றவற்றுக்கு 2021-லும் வந்தது. அந்தப் பள்ளிகளில் படித்துக் கல்லூரிக்கு வந்த ஆண் மாணவர்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தருகிற தமிழ்ப் புதல்வன் திட்டத்தை 2024 ஆகஸ்ட் 9-ல் கோவை அரசு கலைக் கல்லூரியில்தான் தொடங்கினார்கள். பெண்களுக்குப் புதுமைப்பெண் 2022-லேயே வந்துவிட்டது. இந்த வழிகளில் வந்தவர்களில் சிலர் அதை வெளியே சொல்லவே கூச்சப்படுகிறார்கள். கூச்சம் வேண்டாம். நேர்காணலில் நீங்களாக எடுத்துச் சொல்லவும் தேவையில்லை. முதல் பட்டதாரி என்பது மட்டும் தாராளமாகச் சொல்லத் தகுந்த விஷயம். பேங்க் பாஸ்புக் எடுத்தது, விண்ணப்பம் எழுதியது, கவுன்சலிங்கில் கல்லூரி தேர்ந்தெடுத்தது எல்லாம் வீட்டில் வழிகாட்ட ஆளில்லாமல் நீங்களே செய்தவை. அந்தப் பழக்கத்துக்குத்தான் கம்பெனிகள் சம்பளம் கொடுக்கின்றன.

இரண்டாவது கேள்வி

'எந்த ஊரு நீங்க?' நல்ல கேள்வி. ரயிலில், ஆபீசில், கல்யாண வீட்டில் யாரும் யாரையும் கேட்கலாம். அதற்கடுத்து வருகிற கேள்வியில்தான் விஷம் இருக்கிறது. 'ஊருக்குள்ள எந்தப் பக்கம்?' 'எந்தத் தெரு?' 'குலதெய்வம் எது?' 'என்ன கூட்டம்?' கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும், இது ஊரைப் பற்றிய விசாரணை இல்லை, சாதியைப் பற்றியது என்று. கொங்கு நாட்டில் இதை மிகவும் பணிவாக, 'ங்க' போட்டுக் கேட்பார்கள் என்பதுதான் வித்தியாசம்.

2023-ல் நாங்குநேரியில் பள்ளி மாணவரும் அவர் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர்கள் கையில் கட்டக்கூடாது என்று 2024-ல் பரிந்துரைத்தது. அது பள்ளிகளுக்குச் சொன்னது. கல்லூரிக்கும் ஆபீசுக்கும் கயிறு தேவைப்படுவதில்லை, இரண்டாவது கேள்வியே போதும்.

கேட்கப்பட்டால் மாவட்டத்தைச் சொல்லிப் பேச்சை வேலைக்குத் திருப்புங்கள். 'ஈரோடு பக்கம் சார், மஞ்சள் மார்க்கெட் ஊரு. உங்க டீம்ல என்ன வேலை போகுது?' விடாமல் கேட்டால் சிரித்துக்கொண்டே 'அது எதுக்குங்க?' என்று திருப்பிக் கேட்கலாம். பெரும்பாலானவர்கள் அங்கே நின்றுவிடுவார்கள். நேர்காணல் நடத்துகிறவரே கேட்டால் பிளேஸ்மெண்ட் அலுவலரிடம் எழுத்தில் தெரிவியுங்கள். அதைவிட முக்கியம், நீங்கள் அந்த இரண்டாவது கேள்வியை யாரிடமும் கேட்காமல் இருப்பது. ஜூனியரிடம் குறிப்பாக.

உக்கடத்துக்காரர்களுக்கு முகவரியே ஒரு பிரச்சினை. 1998 பிப்ரவரி 14 கோவைத் தொடர் குண்டுவெடிப்புக்குப் பிறகு உக்கடம், கோட்டைமேடு, கரும்புக்கடை என்று முகவரி சொன்னாலே எதிரில் இருப்பவர் ஒரு நொடி நிறுத்திப் பார்க்கிறார் என்று அந்தப் பகுதிப் பிள்ளைகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்களில் பலர் அப்போது பிறக்கவே இல்லை. வாடகை வீட்டுக்கும் இதே பார்வை, சில இடங்களில் வேலைக்கும். இது அநியாயம். அந்தப் பிள்ளைகள் வெட்கப்பட இதில் ஒன்றுமே இல்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் நிறுத்திப் பார்க்கிறவர்கள்.

ரெஸ்யூமேயில் செய்யக்கூடியது ஒன்று உண்டு, அது எல்லோருக்கும் பொருந்தும். வீட்டு முகவரி, அப்பா பெயர், பிறந்த தேதி, மதம், சொந்த ஊர் எதுவும் முதல் பக்கத்தில் தேவையில்லை. பெயர், கைபேசி எண், மெயில், 'கோயம்புத்தூர்' என்ற ஒரு சொல் போதும். முகவரிச் சான்றெல்லாம் வேலை உறுதியான பிறகு பின்னணிச் சரிபார்ப்பில் கொடுப்பது. ஊரைப் பற்றி நீங்கள் என்ன சொல்ல வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்து, நேரில், உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள். பல கம்பெனிகளின் விண்ணப்பப் படிவத்தில் 'நேட்டிவ் பிளேஸ்' என்று இன்னும் ஒரு கட்டம் இருக்கிறது. மனிதவளத் துறைக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், அந்தக் கட்டத்தை எடுத்துவிடுங்கள். 'நம்ம ஊர்ப் பையன், நம்பிக்கையானவன்' என்று ஆள் எடுத்து ஒரே தாலுகாக்காரர்களால் நிரம்பிய அலுவலகங்களில், புதிதாக வருகிற வெளியூர்க்காரருக்கு எந்தத் தகவலும் போய்ச் சேருவதில்லை. அவரும் அதிக நாள் தங்குவதில்லை.

வெளியூர் போவீர்களா?

நேர்காணலின் கடைசியில் வருகிற கேள்வி இது. எல்லோரும் யோசிக்காமல் 'போவேன் சார்' என்கிறார்கள். ஆஃபர் வந்த பிறகுதான் வீட்டில் பேச்சு ஆரம்பிக்கும். 'கோயமுத்தூரைத் தாண்ட வேண்டாம் கண்ணு' என்று அம்மாவும், 'இருக்கிற தோட்டத்தை யார் பாக்கறது' என்று அப்பாவும், 'பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு பெங்களூரு' என்று மாமாவும் சொல்வார்கள். கடைசியில் பிள்ளை வேலையில் சேருவதில்லை. அந்தக் கம்பெனி அடுத்த வருஷம் அந்தக் கல்லூரிக்கு வரத் தயங்கும், நஷ்டம் ஜூனியர்களுக்கு.

போக முடியாது என்றால் முன்னமே சொல்வதில் அவமானம் இல்லை. கோவையிலேயே பம்ப், ஜவுளி இயந்திரம், வார்ப்பு, ஆட்டோ உதிரிபாகம், சரவணம்பட்டியிலும் பீளமேட்டிலும் மென்பொருள் என்று வேலை இருக்கிறது. போக முடியும் என்றால் கணக்குப் போட்டுவிட்டுப் போங்கள். சம்பளத்தில் பிடித்தம் போகக் கைக்கு வருவது எவ்வளவு, பெங்களூருவில் அறைக்கு அட்வான்ஸ் எத்தனை மாதம், மாதம் ஒருமுறை ஊருக்கு வந்துபோக என்ன செலவு என்று எழுதிப் பாருங்கள். கோவையில் குறைந்த சம்பளமே மிச்சமாகிற கணக்கும் உண்டு. முதல் இரண்டு வருஷம் மிச்சத்தைப் பார்க்காமல் கற்றுக்கொள்வதற்காகவே போகவேண்டிய கணக்கும் உண்டு. பயிற்சி எங்கே, அதன்பின் வேலை எங்கே, ஒப்பந்தப் பத்திரம் உண்டா என்று ஹெச்.ஆரிடம் மெயிலில் கேட்டு மெயிலிலேயே பதில் வாங்குங்கள். அசல் சான்றிதழ்களைக் கொடுக்கச் சொன்னால் கொடுக்காதீர்கள். காட்டிவிட்டுத் திரும்ப வாங்குங்கள். இரவு ஷிஃப்ட் என்றால் வண்டி வீட்டு வாசல் வரை வருமா, மெயின் ரோட்டோடு நின்றுவிடுமா என்பதையும் கேளுங்கள்.

இந்த விவரங்களுக்கெல்லாம் உங்கள் வகுப்பிலேயே ஆள் இருக்கிறது. ஓசூரில் எந்தப் பகுதியில் வாடகை குறைவு என்று கிருஷ்ணகிரித் தோழனுக்குத் தெரியும். கொச்சியில் பெண்கள் விடுதி எது பாதுகாப்பானது என்று பாலக்காட்டுத் தோழி விசாரித்துச் சொல்வாள். ஸ்ரீபெரும்புதூரில் வேலை பார்க்கிற அண்ணன் யாருக்காவது இருப்பார். கடைசி செமஸ்டர் முடிவதற்குள் வகுப்பில் எல்லோருடைய சொந்த ஊரும், அங்கே தெரிந்தவர் ஒருவரின் எண்ணும் அவரவர் சம்மதத்தோடு ஒரே பட்டியலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் பேச வேண்டியதை மட்டும் ஆஃபர் லெட்டர் வரும்வரை தள்ளிப்போடாதீர்கள். அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போதே, சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் இருக்கிற நேரமாகப் பார்த்து, எந்த ஊர் வரைக்கும் போகலாம் என்று கேட்டு முடிவாக ஒரு பதில் வாங்கிவிடுங்கள்.